கழற்ற ஒரு இடம் கொடுத்தோமா?

இரண்டு நாளாக எல்லா வாட்சாப் குழுவிலும் சுற்றும் அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் தோட்டியோடு என்ற ஊர்ப் பக்கம் ரோட்டோரம் 108 வண்டி நிற்கிறது, மருத்துவ உதவியாளர் மரத்தடியில் கவச உடையைக் கழற்றுகிறார். "இவனுவளே கொரோனாவ பரப்பினா நாம எங்க போவ?" என்று பின்னால் ஒரு குரல். அதற்குக் கீழே எத்தனை கோபமுகங்கள்! அதில் நாலு பேர் எனக்குச் சொந்தக்காரர்கள்.

வீடியோவில் இருப்பது என் தம்பி இல்லை. ஆனால் அவனும் இதே மாவட்டத்தில் இதே வேலைதான் பார்க்கிறான். அதனால்தான் கேட்கிறேன், அந்த மனுஷன் அதை எங்கே போய்க் கழற்றியிருக்க வேண்டும்?

நோயாளியைக் கொண்டு சேர்த்த ஆஸ்பத்திரியில் கழிப்பறையைத் திறந்துவிடவில்லை. பெட்ரோல் பங்கில் வண்டியைப் பார்த்ததுமே கையை ஆட்டி விரட்டிவிட்டார்கள். இதை என் தம்பி சொல்லித்தான் தெரியும். கழற்றிய உடையை உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி, கழிவுப் பையில் கட்டி, வண்டியிலேயே கொண்டுபோனார் என்றும் சொன்னான். வீடியோ அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

கவச உடையை மாட்டுவது பெரிய விஷயமில்லை. ஆபத்து கழற்றும்போதுதான். கையுறை, அங்கி, கண்ணாடி எல்லாம் போய், முகக்கவசம் கடைசியில்தான் வர வேண்டும். இடையிடையே கை கழுவ வேண்டும். அவசரத்தில் ஒரு விரல் கன்னத்தில் பட்டாலே உடுத்தியிருந்ததெல்லாம் வீண். அதற்கு ஒரு குழாயும், சோப்பும், அடைத்த ஒரு அறையும் வேண்டும். அந்த அறை எங்கே இருக்கிறது?

பேச்சிப்பாறையிலிருந்து ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரி வரை மூச்சுத் திணறும் ஆளோடு அந்தச் சின்னப் பெட்டிக்குள் உட்கார்ந்து வந்து பாருங்கள். ஏசி போட முடியாது, ஜன்னலைத் திறந்துதான் வைக்க வேண்டும். நெஞ்சை அழுத்த வேண்டி வந்தால் நோயாளியிடமிருந்து வெளியே வரும் காற்று நேராக என் தம்பி முகத்துக்குத்தான். வந்து சேர்ந்தாலும் படுக்கை கிடைக்கும்வரை இறங்க முடியாது. அதுவரை வெள்ளம் குடிக்க முடியாது, மூத்திரம் போக முடியாது. ஒருநாள் என் தம்பி கையுறையை இழுத்ததும் வியர்வை கோரிவிட்ட மாதிரி ஒழுகியது. விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கி, பிணத்தின் விரல் மாதிரி இருந்தது. மூக்குத்தண்டில் தோல் உரிந்து பிளாஸ்திரி. அம்மா பக்கத்தில் போகப் பார்த்தாள். "அங்கயே நில்லும்மா"ன்னு கத்திவிட்டான். கொல்லைப்புறத்தில் டிரம்மில் வெள்ளம் பிடித்து வைத்திருக்கிறோம். குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் ஏறுவான். சாப்பாட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு அம்மா நகர்ந்து போவாள். எங்கள் வீட்டில் கொல்லை இருக்கிறது. வாடகை வீட்டில் இருக்கிற பைலட், அதாவது வண்டி ஓட்டுகிறவர், என்ன செய்வார்?

"பொது இடத்தில் கழற்றினது தப்புதானே?" என்பீர்கள். தப்புதான். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தப்பை அவர் தலையில் மட்டும் ஏற்றாதீர்கள். "சம்பளம் வாங்கித்தானே செய்யிறாங்க" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அண்ணா, 12 மணி நேர வேலைக்குத்தான் சம்பளம். அந்த நோயை வீட்டுக்குக் கொண்டுவர யாரும் சம்பளம் வாங்கவில்லை. "போலீஸ்காரர், துப்புரவுப் பணியாளர் எல்லாருக்கும் ஆபத்துதானே" என்றால் அவர்களுக்கும் கழற்ற இடம் கொடுங்கள், நான் வேண்டாம் என்றா சொன்னேன்?

போன வருஷம், 2020 மார்ச் 22 சாயங்காலம் 5 மணிக்கு நானும் வாசலில் நின்று கை தட்டினேன். மனசார தட்டினேன். ஒரு மாதம் ஆவதற்குள் சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரை அடக்கம் செய்ய விடாமல் ஆம்புலன்ஸை அடித்து நொறுக்கினார்கள். அதே வாரம் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தினார்கள்: சுகாதாரப் பணியாளரைத் தாக்கினால் 5 வருஷம் வரை, பலத்த காயம் என்றால் 7 வருஷம் வரை ஜெயில். நல்ல சட்டம். ஆனால் எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிற அக்கா கேட்டுக்கு வெளியே செம்பை வைக்கச் சொன்னதற்கும், அதையும் பத்து நாளில் நிறுத்தியதற்கும் எந்தச் சட்டத்தில் போய்ச் சொல்வது? அவள் மாமியாரை மூச்சிரைப்போடு தூக்கிப்போனதும் 108தான். அம்மா அன்றைக்கு அழுதாள். "மக்ளே, அந்த வேலைய விட்டுருடே" என்றாள். அவன் பதில் சொல்லாமல் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனான்.

அந்த வீடியோவில் வண்டி எண் தெளிவாகத் தெரிகிறது. பகிர்ந்தவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அந்த மனுஷனுக்கும் வீட்டில் ஆள் இருக்கிறது.

எங்கள் தெரு முக்கில் உள்ள சமுதாயக்கூடம் கல்யாணம் எதுவும் இல்லாமல் பூட்டிக் கிடக்கிறது. பின்பக்கம் தனி வாசல், குழாய், குளியலறை எல்லாம் உண்டு. சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துவிட்டேன். நாளைக்குக் காலையில் போய்க் கேட்கப்போகிறேன். பக்கத்துத் தெருக்காரர்கள் யாராவது கூட வந்தால் நல்லது, ஒரு பொம்பளை மட்டும் போய்க் கேட்டால் தரமாட்டார்கள்.