மதுக்கடைக்குள் இருந்த பணப்பெட்டி

குடியை விடச் சொல்லும் எல்லாரும் குடிப்பவனின் மன உறுதியைப் பற்றியே பேசுகிறார்கள். இங்கிலாந்து மதுவிலக்குச் சங்கங்களின் வரலாற்றைப் படித்த பிறகு எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை போய்விட்டது.

1830களில் அங்கே ஓர் ஆலைத் தொழிலாளி காய்ச்சலில் படுத்தால் கூலி கிடையாது. யாரும் உரிமை கோராத ஏழைகளின் உடலை மருத்துவம் கற்பவர்கள் அறுத்துப் படிக்கக் கொடுக்கலாம் என்று 1832இல் சட்டம் வந்தது. உதவி கேட்பவர்களை வொர்க்ஹவுஸ் என்ற ஏழைகள் விடுதிக்குள் தள்ளும் சட்டம் 1834இல் வந்தது. இந்தப் பயத்தில்தான் தொழிலாளர்கள் தங்களுக்குள் பரஸ்பர உதவிச் சங்கம் வைத்துக்கொண்டு சில்லறைக் காசாகச் சேர்த்தார்கள். உடம்புக்கு முடியாதபோது வாராவாரம் ஒரு தொகை, செத்தால் அடக்கச் செலவு. பணப்பெட்டிக்கு மூன்று பூட்டு இருக்கும். ஆளுக்கொரு சாவி. மூவரும் சேர்ந்தால்தான் திறக்க முடியும்.

சரி, இவர்கள் எங்கே கூடினார்கள்? பெரும்பாலும் மதுக்கடையில். தொழிலாளிகள் கூடுவதற்கு வேறு இடம் ஏது? கடைக்காரர் அறையைக் கொடுப்பார். அதற்கு ஈடாக வந்தவர்கள் பீர் வாங்கிக் குடிக்க வேண்டும். அதற்கு 'ஈர வாடகை' என்றே பெயர். சில சங்கங்களில் சந்தாவிலேயே ஒரு பங்கைப் பீருக்கென்று ஒதுக்கினார்கள். குடியை விட நினைத்தவனும் நாளைய அடக்கச் செலவுக்காக மதுக்கடைப் படியேற வேண்டியிருந்தது. அவனிடம் போய் மன உறுதி பற்றி என்ன பேசுவது?

1832இல் பிரஸ்டன் நகரத்தில் ஜோசப் லைவ்ஸியும் வேறு ஆறு பேரும் முழு மதுவிலக்கு உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள். அது பெரிய விஷயம்தான். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1835இல் சால்ஃபர்டில் தொடங்கிய ரேகாபியர் சங்கம். பைபிளின் எரேமியா ஆகமத்தில் திராட்சரசம் தொடாமல் கூடாரங்களில் வாழ்ந்த ரேகாபியரின் பெயரை வைத்துக்கொண்டு, கிளைகளையும் 'கூடாரம்' என்றே அழைத்தார்கள். அதே சந்தா, அதே நோய்ப்படி, அதே அடக்கச் செலவு. கூடும் இடம் மட்டும் மதுக்கடை இல்லை. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தனிக் கூடாரங்கள் வந்தன. குடிக்காதே என்று சொல்லி நிறுத்தாமல், குடிக்காதவன் போய் உட்கார ஓர் அறையையும் நம்பிப் பணம் போட ஒரு பெட்டியையும் கொடுத்தார்கள். நான் தலைவணங்குவது இதற்குத்தான்.

அன்று பீர் உடம்புக்குப் பலம் என்றுதான் ஊரே நம்பியது. ராபர்ட் வார்னர் என்பவர் ஆயுள் காப்பீடு கேட்டபோது, நீர் மது அருந்தாதவர், அதனால் கூடுதல் பிரீமியம் என்றார்களாம்! அவர் 1840இல் மது தொடாதவர்களுக்கென்றே ஒரு காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். பிற்பாடு அங்கே மிதமாகக் குடிப்பவர்களையும் சேர்த்துத் தனிக் கணக்கு வைத்தபோது, குடிக்காதவர்கள் பிரிவில்தான் இறப்பு குறைவாக இருந்தது. எத்தனை பிரசங்கம் செய்தாலும் இந்தக் கணக்குப் புத்தகத்துக்கு ஈடாகாது.

1911இல் வந்த தேசியக் காப்பீட்டுச் சட்டத்துக்குப் பிறகு அரசுக் காப்பீட்டை நடத்தும் வேலையும் இப்படிப்பட்ட சங்கங்கள் கைக்கு வந்தது. 1948இல் அரசே அதை எடுத்துக்கொண்டது.

ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. உறுதிமொழியை மீறியவன் சங்கத்தின் சலுகையை இழக்க நேரிட்டது. விதியில்லாமல் சங்கம் நடக்காது, புரிகிறது. ஆனால் தடுக்கி விழுந்தவன் வீட்டுக்குத்தான் அந்தப் பணம் அதிகம் தேவைப்பட்டிருக்கும். அவன் மனைவியும் பிள்ளைகளும் குடிக்கவில்லையே.