பைப்பில் எடுத்த படமும் படம்தான்

ஞாயிற்றுக்கிழமை நம் புகைப்படக் குழுவில் நடந்தது உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

"பைப்புல எடுத்ததெல்லாம் போர்டுல வைக்க முடியாது தம்பி" என்று நம் குழுவின் மூத்தவர்கள் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தார்களே, அது உறைந்த தேங்காய் எண்ணெயின் படம். சின்னப் பொருளை மிக அருகில் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் என்னிடம் இல்லாததால், கேமராவில் பிவிசி பைப்பைப் பொருத்தி, அதன் முனையில் பழைய லென்ஸை மாட்டி எடுத்தது. கழற்றுவதற்கு முந்தைய அரை மணி நேரம் அது போர்டில்தான் இருந்தது. நின்று பார்த்தார்கள். பனிப்பாறையா, பஞ்சா என்று கேட்டார்கள். எந்த லென்ஸ் என்று ஒருவர் கேட்டார், நான் உண்மையைச் சொன்னேன். அப்புறம்தான் படம் கவிழ்ந்தது. அந்த அரை மணி நேரத்தில் படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். முதலில் படத்தைப் பாருங்கள். லென்ஸை அப்புறம் கேளுங்கள்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஃப்ரிட்ஜில் வைத்தால் சட்டென்று வெள்ளைக் கட்டியாகிவிடும், அதில் பார்க்க ஒன்றும் இருக்காது. மார்கழி விடியலில், கொல்லைப்படியில் ஒரு எவர்சில்வர் தட்டில் நாலு சொட்டு விட்டு வைத்தால் மெதுவாக உறையும். மெதுவாக உறைந்தால்தான் ஊசி ஊசியாக, இறகு மாதிரி விரியும். அதற்காகப் பதினோரு நாள் காலை நாலரைக்கு எழுந்தேன். மூச்சுக்காற்று பட்டால் ஓரம் இளகிவிடும், லென்ஸும் பனிபடிந்துவிடும் என்று வாயில் துண்டைக் கட்டிக்கொண்டேன். டார்ச் வெளிச்சத்தை பட்டர் பேப்பர் வழியாக விட்டேன். இவ்வளவு பக்கத்தில் போனால் அரை மில்லிமீட்டர் ஆழம்கூடத் தெளிவாக நிற்காது. கேமராவை இம்மி இம்மியாக நகர்த்தும் ஃபோகஸ் ரெயில் என்னிடம் கிடையாது. தட்டுக்கடியில் வெள்ளைத்தாள்களை அடுக்கி, இரண்டிரண்டாக உருவி ஃபோகஸ் செய்தேன். இதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், யாரும் கேட்கத் தயாராக இல்லை.

"அது மேக்ரோவே இல்லை" என்று குழுவில் எழுதியிருக்கிறார்கள். சரி, கணக்கே பார்ப்போம். பொருள் அதன் நிஜ அளவிலேயே, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழுந்தால் ஒன்றுக்கு ஒன்று, அதுதான் மேக்ரோ. என் கேமராவின் சென்சார் அகலம் சுமார் 22 மில்லிமீட்டர். அந்தப் பிவிசி பைப்பின் முனையில் பழைய ஃபிலிம் கேமராவின் 50 எம்எம் லென்ஸைத் திருப்பி மாட்டி, ஸ்கேலை வைத்து எடுத்தால் படத்தில் 15 மில்லிமீட்டர்தான் அடங்குகிறது. அதாவது 15 மில்லிமீட்டர் பொருள் சென்சாரில் 22 மில்லிமீட்டராக விழுகிறது, கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. நீங்கள் கேட்கும் மேக்ரோவைத் தாண்டியே வந்திருக்கிறது. ஸ்கேல் படத்தைக் கீழே கமெண்டில் போட்டிருக்கிறேன், எண்ணிப் பாருங்கள்.

ஓரங்கள் மங்கல் என்கிறார்கள். மங்கல்தான், ஒப்புக்கொள்கிறேன். சென்சாரில் தூசி விழும் என்கிறார்கள். என் கேமரா, என் தூசி.

ஆனால் ஒரு பேச்சுதான் தூங்கவிடவில்லை. "நல்ல லென்ஸ் வாங்க வக்கில்லாதவர்கள் இதையே பெருமையாகப் பேசுவார்கள்." வாங்க முடியவில்லை என்பது உண்மை. நாளைக்குப் பணம் வந்தால் வாங்கவும் செய்வேன். அதில் என்ன வெட்கம்? அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்று ஒரு விவசாயி இருந்தார். மைக்ரோஸ்கோப்பையும் கேமராவையும் தானே இணைத்து, 1885 ஜனவரி 15 அன்று ஒற்றைப் பனித்துகளைப் படமெடுத்தார். அப்போது அவருக்கு வயது 19. பிறகு 5000க்கும் மேல் எடுத்தார். வெப்பமில்லாத கொட்டகையில், மூச்சை அடக்கிக்கொண்டு. அவர் எந்தக் கடையில் மேக்ரோ லென்ஸ் வாங்கினார் என்று யாராவது கேட்கிறோமா?

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும். என் அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் முப்பது வருடம் கொலுசு செய்தவர். அவருடைய சாமணத்தின் முனையை அவரே அரத்தில் தேய்த்துக் கூராக்கிக்கொண்டார். உடைந்த பூதக்கண்ணாடி ஒன்றைக் கம்பியால் கட்டி நெற்றியில் மாட்டிக்கொண்டு, கடுகளவு வளையத்தைப் பற்றவைப்பார். அந்தக் கொலுசு எந்தெந்த ஊர்க் கால்களிலோ இருக்கிறது. "கம்பி கட்டின கண்ணாடியில் செய்ததா, அப்படியானால் வேண்டாம்" என்று ஒருவரும் திருப்பிக் கொடுத்ததில்லை. கொலுசைக் குலுக்கிப் பார்ப்பார்கள், எடை பார்ப்பார்கள், வாங்கிப் போவார்கள். இப்போது அவருக்குக் கண் சரியில்லை. ஜவ்வரிசியையும் கல்லுப்பையும் நான் எடுத்த படங்களை லேப்டாப்பில் பெரிதாக்கிக் காட்டினால் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பார். உப்பின் சதுர மூலையைப் பார்த்து, "யார்டா இதை இவ்வளவு நேரா வெட்டினது" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டி வந்திருந்தேன். நீங்கள் படத்தைக் கவிழ்த்தபோது அவர் என் பக்கத்தில்தான் நின்றார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மூத்தவர்களை எதிர்த்துப் பேசலாமா என்று இன்பாக்ஸில் வந்து கேட்கிறவர்களுக்கு: நான் மரியாதை குறைத்து ஒரு சொல்லும் எழுதவில்லை. ஏற்காட்டில் காபிப்பழத்தின்மேல் பனித்துளியை எடுக்கக் கற்றுக்கொடுத்தவரே, படத்தைக் கழற்றிய மூத்தவர்களில் ஒருவரான அந்த அண்ணன்தான். குளிரிலிருந்து டீக்கடைக்குள் போகும்முன் கேமராவைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டு, இல்லாவிட்டால் லென்ஸ் வேர்த்துவிடும் என்று சொல்லித்தந்ததும் அவர்தான். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

அண்ணா, அந்தப் பிரிண்ட் இன்னும் உங்கள் அறையில் இருக்கிறது. வரும் ஞாயிறு காலை வந்து வாங்கிக்கொள்கிறேன். பைப்பையும் எண்ணெய்த் தட்டையும் கொண்டு வருகிறேன், குளிர் இருந்தால் அங்கேயே உறையும். ஒரு தடவை கண் வைத்துப் பாருங்கள்.