உறங்குகிறவரை யார் எழுப்புவது?

இரவில் டொர்னாடோ என்னும் கடும் சுழல்காற்று அடித்துச் சில மணி நேரத்தில் படங்கள் வந்துவிடுகின்றன. கூரை போன வீடுகள், மரத்தடியில் நசுங்கிய கார்கள். காற்று எவ்வளவு வேகம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எச்சரிக்கை வந்தபோது எத்தனை பேர் விழித்திருந்தார்கள் என்று கேட்பவர் குறைவு.

2020 மார்ச் 3, அமெரிக்காவின் டென்னசி மாநிலம். நள்ளிரவு தாண்டி நாஷ்வில்லில் புகுந்த டொர்னாடோ, டோனல்சன், மவுண்ட் ஜூலியட், லெபனான் என்று அங்குள்ள ஊர்களை வரிசையாகச் சூறையாடியபடி ஏறத்தாழ 60 மைல் ஓடியது. இறந்தவர்கள் 5 பேர். அதே புயல்மேகம் கிழக்கே நகர்ந்து, இரண்டு மணிக்குச் சற்று முன் குக்வில் நகரின் மேற்கு ஓரத்தில் இன்னொன்றை இறக்கியது. அது பத்து நிமிடம்கூடத் தரையில் நிற்கவில்லை. குழந்தைகள் உட்பட 19 உயிர்கள் போயின. இரண்டாவது டொர்னாடோ அதிக வலுவானது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஓர் ஊரே ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தது என்பதை எப்படி ஒதுக்க முடியும்?

1950 முதல் 2005 வரையிலான அமெரிக்கப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் சொல்வது இது: டொர்னாடோக்களில் இரவில் வந்தவை சுமார் 27 சதவீதம், உயிரிழப்பில் அவற்றின் பங்கு 39 சதவீதம்.

சைரன் இருக்கிறதே என்பார்கள். அது வெளியில் நிற்பவர்களுக்காக வைக்கப்பட்டது. சன்னல்களை அடைத்து, ஏசி ஓட, மழை இரைச்சலில் தூங்குபவர் காதில் அது விழும் என்று நம்புவது ஆபத்து. கைப்பேசிக்கு அவசரச் செய்தி 2012 முதல் வருகிறது. வேறு எச்சரிக்கைகளின் தொல்லையால் அதை அணைத்து வைத்தவர்களும் உண்டு. மின்சாரம் போனாலும் பேட்டரியில் இயங்கி, உங்கள் கவுன்டிக்கு (மாவட்டம் போன்ற பகுதி) எச்சரிக்கை வந்ததும் அலறி எழுப்பும் வானிலை வானொலி இருக்கிறது. விலையும் அதிகமில்லை. புகை எச்சரிக்கைக் கருவியைப் பொருத்தச் சட்டம் போட்டவர்கள், டொர்னாடோ வரும் மாநிலங்களில், குறைந்தபட்சம் வாடகைக் குடியிருப்புகளிலும் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் மொபைல் வீடுகளிலும், இந்த வானொலிக்கும் ஏன் போடக் கூடாது?

2021 ஜூன் 20 அன்று சிகாகோவின் புறநகர்களான நேப்பர்வில், உட்ரிட்ஜ் வழியாக ஒரு டொர்னாடோ போனது. நூற்றுக்கணக்கான வீடுகள் சேதமடைந்தும் அங்கே குக்வில் போல் சாவு விழவில்லை. அப்போது இரவு பதினொரு மணிதான், பலர் விழித்திருந்திருப்பார்கள். பதுங்கிக்கொள்ள நிலத்தடியில் அடித்தள அறையும் அந்தப் பக்கத்து வீடுகளில் சாதாரணம். அந்த அறை இல்லாதவர்களுக்குத்தான் முன்கூட்டியே எழுப்பப்படும் ஒவ்வொரு நிமிடமும் தேவை.

அமெரிக்காவில் டொர்னாடோ வரும் இடங்களில் இருக்கும் நண்பர்களே, இன்றிரவு படுக்கும்முன் கைப்பேசியில் அவசர எச்சரிக்கை இயங்குகிறதா என்று பாருங்கள். கீழ்த்தளத்தில் சன்னல் இல்லாத அறை எது என்று குழந்தைகளுக்குக் காட்டி, காலணிகளையும் ஹெல்மெட்டையும் அங்கேயே வையுங்கள்.