சால்டன் சீயைச் சவமாக மட்டும் காட்டாதீர்கள்

தெற்குக் கலிபோர்னியாவின் பாலைவனத்தில் இருக்கும் சால்டன் சீ என்ற உப்பு ஏரி பற்றி எப்போது கட்டுரை வந்தாலும் அதே படங்கள்தான். செத்து ஒதுங்கிய திலாப்பியா மீன்கள், உப்பேறிய நாற்காலி, கூரை போன மோட்டல். பழைய பெருமை பேசுகிறவர்களும் ஹாலிவுட் நட்சத்திரங்கள் வந்து போனதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தத் தண்ணீரில் சொந்தக் காசைப் போட்டு அவுட்போர்டு படகுப் பந்தயம் (எஞ்சினைப் படகின் பின்புறத்தில் வெளியே மாட்டி ஓட்டுவது) ஓட்டியவர்களைப் பற்றி ஒரு வரி இருக்காது. எனக்கு இது நெடுநாள் ஆதங்கம்.

படகுப் பந்தயம் என்றதும் பணக்காரர் விளையாட்டு என்று நினைத்துவிடுகிறோம். இது அப்படி இல்லை. ஓட்டியவர்களில் பலர் மெக்கானிக், தச்சர், வெல்டர். படகை பிளைவுட்டில் வீட்டிலேயே செய்துகொள்வார்கள், இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிக்கொண்டு போய்விடலாம். எஞ்சின் அளவை வைத்துப் பந்தயத்தை வகுப்புகளாகப் பிரிப்பார்கள். பி வகுப்பு என்றால் எஞ்சின் 20 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 330 சிசி. புல்லட் பைக்கின் எஞ்சினைவிடச் சற்றுச் சிறியது. அதை வைத்துக்கொண்டு தண்ணீரில் அறுபது மைல் வேகத்தை எட்டிப் பிடித்தார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், ஐம்பதுகளின் கடைசியில் சால்டன் சீயில் ஓட்டியவர். எனக்கு இதில் பைத்தியம் பிடித்ததே அவரால்தான். அவருடைய கராஜில் இன்னமும் ஒரு பழைய மெர்க்குரி எஞ்சின் ஸ்டாண்டில் நிற்கிறது. கிளட்ச் கிடையாது, நியூட்ரல் கிடையாது. எஞ்சின் பிடித்தால் அந்த நொடியே படகு கிளம்பிவிடும். அதனால் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ப்ரொப்பெல்லர் தண்ணீரில் படாதபடி படகின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். ஓட்டுபவர் திரும்பி, எஞ்சின் தலையில் இருக்கும் சக்கரமான ஃப்ளைவீலில் கயிற்றைச் சுற்றி, முடிச்சை அதன் காடியில் மாட்டி, ஓர் இழுப்பு. பிடித்ததும் பின்னால் நிற்பவர் படகைக் கீழே விட்டுத் தள்ளிவிடுவார். அப்புறம் உட்கார இடமெல்லாம் இல்லை, முழங்கால் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். வலது கை ஸ்டீயரிங்கில், இடது கை த்ராட்டில் பிடியில். பிடியை விட்டால் ஸ்பிரிங் இழுத்து வேகம் தானாக இறங்கிவிடும். ஆள் தூக்கி வீசப்பட்டாலும் படகு கண்டபடி ஓடக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு.

இவற்றை எல்லாம் அவர் சொல்லும்போது இடது கை தானாக மூடித் திறக்கும். முழங்கால் இரண்டும் இப்போது சரியில்லை. அந்தப் படகுகளின் புண்ணியம்தான் என்கிறார், குறையாகச் சொல்லவில்லை.

ஸ்டாக் வகுப்புக்காரர்கள், அதாவது கடையில் வாங்கிய எஞ்சினைப் பெரிதாக மாற்றாமல் ஓட்டியவர்கள், பெட்ரோலில் ஓட்டினார்கள். மெத்தனாலில் ஓட்டியவர்கள் தனி ரகம். இந்த எஞ்சின்களுக்கு எரிபொருளிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். சாதாரண மினரல் ஆயில் மெத்தனாலோடு கலக்காது, ஆமணக்கெண்ணெய் கலக்கும். அதனால் கரை முழுக்க விளக்கெண்ணெய் எரிந்த வாடை. அந்த வாடையை மறுபடி ஒருமுறை முகர்ந்தால் போதும், மற்றதெல்லாம் ஞாபகம் வந்துவிடும் என்று சொல்லுவார்.

பந்தயம் தொடங்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வரிசையாக நின்று கிளம்புவதில்லை. எல்லாரும் ஏற்கெனவே ஓடிக்கொண்டே இருப்பார்கள். கரையில் பெரிய கடிகாரம், கடைசி நிமிடம் ஓடுகிறது. முள் பூஜ்ஜியத்தைத் தொட்ட மறுகணம் முழு வேகத்தில் கோட்டைக் கடக்க வேண்டும். அரை நொடி முந்தினாலும் அந்தச் சுற்றில் தகுதி போச்சு. பிந்தினால் முன்னால் போகிறவர்கள் வாரியடிக்கும் தண்ணீர் முகத்தில், திரும்ப வேண்டிய இடத்தைக் காட்டும் முதல் மிதவையைக்கூடப் பார்க்க முடியாது. பெரும்பாலும் இரண்டு சுற்று ஆட்டம். முதலிடத்துக்கு 400 புள்ளி, அடுத்து 300, அடுத்து 225. இரண்டிலும் நிதானமாக ஓட்டி முடித்தவர் ஒன்றில் மட்டும் ஜெயித்தவரைத் தாண்டிவிட முடியும்.

சரி, இதற்குப் பாலைவனம் எதற்கு? சால்டன் சீ கடல்மட்டத்துக்கு 200 அடிக்கும் மேல் தாழ்வில் கிடக்கிறது. அவ்வளவு தாழ்வில் காற்று கொஞ்சம் அடர்த்தி, எஞ்சினுக்கு நல்லது. உப்புத் தண்ணீர் கனமானது, படகைச் சற்றுத் தூக்கிக் கொடுக்கும். கோடையில் இங்கே வெயில் கொல்லும், ஆனால் மற்ற மாநிலங்களில் ஏரி உறைந்து கிடக்கும் மாதங்களில் இங்கே சட்டையோடு நிற்கலாம். வேகச் சாதனை வேண்டுகிறவர்கள் தேடி வந்த தண்ணீர் இது. காற்று மட்டும்தான் எதிரி. மதியத்துக்கு மேல் கிளம்பினால் அலை எழும்பிவிடும்.

கிழக்கே கொலராடோ ஆற்றில் வேறு கதை. செயின்சா முதலாளி ராபர்ட் மெக்கல்லக் தன் அவுட்போர்டு மோட்டார்களைச் சோதித்துப் பார்க்க அந்த ஆற்றின் ஹவாசு ஏரிக்கரையில் நிலம் வாங்கினார், அறுபதுகளில் அங்கே ஊரே கட்டினார். 1968இல் லண்டன் பாலத்தை விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து நிறுத்தியவரும் அவரே. அந்த ஏரியில் கம்பெனி அணிகள் பரிசுப் பணத்துக்கு மோதின. அது பற்றிப் படங்களும் விளம்பரங்களும் நிறையக் கிடைக்கின்றன. கம்பெனிக்கு விளம்பரப் பிரிவு இருந்தது. தச்சருக்கு அவர் மனைவி எடுத்த நாலு கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது, அதுவும் ஏதோ அட்டைப்பெட்டியில். அவர் போனதும் வீட்டைக் காலி செய்கிறவர்கள் பெட்டியைக் குப்பையில் போடுகிறார்கள். இதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

தண்ணீரும் போகிறது. இந்த ஏரி 1905இல் கொலராடோ ஆறு பாசனக் கால்வாயை உடைத்துக்கொண்டு வந்து உண்டானது, 1907 வரை உடைப்பை அடைக்க முடியவில்லை. பிறகு வயல்களின் வடிநீர்தான் அதைக் காப்பாற்றியது. அந்த வயல்கள் இருக்கும் இம்பீரியல் பள்ளத்தாக்கின் தண்ணீரில் ஒரு பங்கை சான் டியாகோவுக்குக் கொடுக்க 2003இல் ஒப்பந்தம் ஆனது. ஏரிக்கு ஈடாக விட்ட தண்ணீரும் 2017 முடிவோடு நின்றது. இப்போது கரை பின்வாங்கி, படகு இறக்கிய சரிவுகள் மண்ணில் போய் முடிகின்றன. காய்ந்த தரையிலிருந்து கிளம்பும் தூசியைச் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள். ஆஸ்துமா அங்கே பெரிய பிரச்சினை.

தூசியை அடக்குவது முதல் வேலை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தென்கரையில் 4,000 ஏக்கருக்கு மேல் பறவைகளுக்கும் மீன்களுக்கும் நீர்நிலை அமைக்கும் திட்டத்தையும் மனதார வரவேற்கிறேன். ஆனால் எப்போதோ செத்துப்போன இடம் என்றே சொல்லிச் சொல்லி, அங்கே மனிதர்கள் விளையாடினார்கள் என்பதையே மறக்கடித்துவிட்டால், மனிதர்களுக்காகவும் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள் என்று நாளைக்கு யார் கேட்பார்கள்? ஒரு சிறு குளமும் ஒரு படகுச் சரிவும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேண்டும் என்பது பேராசை கிடையாது.

வடகரையில் ஆல்பர்ட் ஃப்ரே வடிவமைத்த பழைய யாட் கிளப் கட்டடத்தைப் புதுப்பித்துச் சமுதாயக் கூடமாக வைத்திருக்கிறார்கள். அதில் ஓர் அறையை இந்தப் படகுகளுக்குக் கொடுக்கலாம். லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ பக்கம் இருக்கும் நம்மவர்கள் பாம் ஸ்பிரிங்ஸ் வரை வருகிறீர்கள், இன்னும் ஒரு மணி நேரம் தெற்கே ஓட்டினால் அந்தக் கூடம் வந்துவிடும். உங்கள் பக்கத்து வீட்டில் கராஜ் சுவரில் பழைய ப்ரொப்பெல்லர் மாட்டியிருக்கும் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், போனில் பதிவை அழுத்திவிட்டு எந்த ஏரியில் ஓட்டினீர்கள் என்று கேளுங்கள். படங்கள் இருந்தால், ஸ்கேன் செய்து பின்பக்கம் எழுதியிருப்பதையும் சேர்த்து எடுத்துவையுங்கள்.