கொடியேற்றம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள்

சுதந்திர தினத்தன்று பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்து, அவர்கள் சட்டைப்பையில் குத்திய கொடியோடும் கையில் மிட்டாயோடும் திரும்பி வருவதோடு அந்த நாளை முடித்துக்கொள்ளும் பெற்றோரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அன்று உங்கள் ஊராட்சி மன்ற அலுவலகத்திலும் கொடி ஏற்றுகிறார்கள். அங்கும் அவர்களை நீங்களே அழைத்துச் செல்லுங்கள். அதன்பின் நடக்கும் கிராமசபைக் கூட்டம் முடியும்வரை அவர்களோடு உட்கார்ந்திருங்கள். நாட்டுப்பற்று பிள்ளைகள் மனத்தில் வேர்விட இதைவிடப் பொருத்தமான இடம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தென்காசி மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊரில் கொடியேற்றுபவர் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி. ஊராட்சி மன்றத் தலைவர். செவ்வந்தி இதழ்களை உள்ளே வைத்து மடித்துக் கட்டிய கொடியை அவர் இழுத்து மேலேற்றி, முடிச்சு அவிழ்வதற்காகக் கயிற்றை ஒருமுறை சுண்டியதும், இதழ்கள் முன்வரிசையில் நின்ற சிறுவர்களின் தலையில் உதிர்ந்தன. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் டேங்க் ஆபரேட்டர், தூய்மைக் காவலர்கள், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், பீடி சுற்றும் பெண்கள் என்று எல்லோரும் ஒரே வரிசையில் நின்று வணக்கம் செலுத்தினார்கள். ஊரில் மற்ற நாட்களில் இவர்கள் இப்படி ஒரே வரிசையில் நிற்பதைக் காண்பது அரிது என்பதை என் பிள்ளைகள் அறிவார்கள்.

கொடியை யார் ஏற்றுகிறார் என்பது சிறிய விஷயம் அன்று. 1932 ஜனவரியில் திருப்பூரில் தடியடிபட்டு விழுந்தபோதும் கொடியை விடாமல் பிடித்திருந்த குமரனின் கதையைப் பாடப்புத்தகம் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. ஆனால் விடுதலை கிடைத்த பிறகும் அந்தக் கயிற்றைப் பிடிக்கும் உரிமைக்காகப் பலர் போராட வேண்டியிருந்தது என்பதைப் பெற்றோர்தாம் சொல்ல வேண்டும். மாநில முதலமைச்சர்கள் சுதந்திர தினத்தன்று கொடியேற்றும் உரிமையே 1974-இல்தான், அன்றைய முதல்வர் கலைஞர் வலியுறுத்திக் கேட்டதன் பிறகு, கிடைத்தது. அதற்கு முன்பு அது ஆளுநர்களிடமே இருந்தது. கோட்டையில் இருப்பவர்களுக்கே அப்படியென்றால் குக்கிராமத்தில் எப்படி இருந்திருக்கும்? மதுரை மாவட்டம் மேலவளவில், பட்டியல் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்ட தனி ஊராட்சியில் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் தலைவர் பதவி பட்டியல் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகவே தேர்தலை முறையாக நடத்தவிடாமல் பத்தாண்டு இழுத்தடித்து, 2006-இல்தான் அது நடந்தது. அதெல்லாம் பழைய கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் தலைவர் கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியான பிறகு, ஐந்து நாள் கழித்து, மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யும்படி 2022-இல் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

இவற்றில் மேலவளவைப் பற்றி ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளிடம் மட்டும் சொன்னேன். மகன் இன்னும் சிறியவன். மற்றவற்றை இருவரிடமும் சொன்னேன். எங்கள் தலைவர் யாருடைய தடையும் இல்லாமல் கயிற்றைப் பிடித்து நின்றதைக் கண்ணால் கண்ட பிறகு சொன்னதால், அதன் பொருள் அவர்களுக்கு உடனே விளங்கியது.

கொடிக்கு வணக்கம் சொல்லி, இனிப்பு வாங்கியதும் பாதிக் கூட்டம் கலைந்துவிடுகிறது. எனக்கு மிகுந்த வருத்தம் தருவது அதுதான். அரசமைப்புச் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் கிராமசபை என்ற அமைப்பை நம் கையில் கொடுத்திருக்கிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். தமிழ்நாட்டில் குடியரசு தினம், உலகத் தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை அது கூட வேண்டும். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் நமக்காக வேறொருவர் பேசுகிறார். இங்கே நாமே எழுந்து பேசலாம்.

எங்கள் ஊரில் வரவு செலவுக் கணக்கைப் பிளக்ஸ் பேனரில் அச்சிட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். தெருவிளக்குப் பராமரிப்பு, மோட்டார் பழுதுபார்ப்பு, குளோரின் பவுடர் என்று நீண்ட அந்தப் பட்டியலை மகள் ஒரு வரி விடாமல் படித்தாள். ஊராட்சிச் செயலர் நூறு நாள் வேலைக் கணக்கை வாசித்துக்கொண்டிருந்தபோது, கீழத்தெருப் பாட்டி ஒருவர் எழுந்தார். "தலைவரம்மா, எங்க தெருவுல மூணு மாசமா தண்ணி சொட்டு சொட்டாத்தான் வருது. டேங்க் ஆபரேட்டரக் கேட்டா மோட்டார்ங்காரு, உங்களக் கேட்டா பைப்புங்கிய. எதுன்னு இன்னைக்கு நோட்டுல எழுதுங்கம்மா" என்றார். தலைவர் கோபப்படவில்லை, பைப்லைனை மாற்றுவதென்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னார். எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகுதான் பாட்டி உட்கார்ந்தார். படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரை எழுந்து நின்று கேள்வி கேட்கிறார். தலைவர் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. இந்த நாட்டை நான் நேசிப்பதற்கான காரணத்தை என் பிள்ளைகளுக்கு எத்தனை மணி நேரம் பேசினாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

எல்லா ஊரிலும் கூட்டம் இப்படி நடப்பதில்லை என்பதை அறிவேன். கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு முடித்துவிடும் இடங்களும் உண்டு. அங்கேயும் பிள்ளைகளோடு போய் உட்காருங்கள் என்றே சொல்வேன். சிறுவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெரியவர்கள் சற்றே பொறுப்போடு நடந்துகொள்கிறார்கள். நகரவாசிகளுக்கும் இப்போது பகுதிசபைக் கூட்டங்கள் உண்டு. உங்கள் வார்டில் எப்போது, எங்கே கூடுகிறது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள்.

அடுத்த கிராமசபை அக்டோபர் 2 அன்று. கீழத்தெருக் குழாய்த் தீர்மானம் என்னவாயிற்று என்று மகள் கேட்க விரும்புகிறாள். பதினெட்டு வயது ஆகாததால் அவள் இன்னும் உறுப்பினர் இல்லை; ஆகவே கேள்வியை அவள் எழுதித் தருவாள், நான் எழுந்து கேட்பேன்.