டினையல் (கிளெய்ம் நிராகரிப்பு) வந்த பிறகு ஓடுவது வேலையில்லை

சென்னையிலும் கோவையிலும் அமெரிக்க மெடிக்கல் பில்லிங்கில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களே அமெரிக்கப் பள்ளிக்கூட மனநல சேவைக்கான கிளெய்ம், அதாவது செய்த சேவைக்குக் காப்பீட்டிடம் பணம் கேட்கும் விண்ணப்பம், கைக்கு வந்தால் திணறிப்போகிறார்கள். ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனிலேயே இன்ஷூரன்ஸ் கார்டை வாங்கி வைத்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளை அழுதுகொண்டு கவுன்சிலர் அறைக்கு வருகிறது, அவர் கவனிக்கிறார், மணி அடித்ததும் அடுத்த பிள்ளை. யூனிட் (சேவையின் அளவு), மாடிஃபையர் (கோடோடு சேர்க்கும் கூடுதல் குறியீடு) எதுவும் அந்தக் கவுன்சிலர் படித்த படிப்பில் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன்: ரீஇம்பர்ஸ்மென்ட் அனலிஸ்ட்டின், அதாவது சேவைக்கான பணத்தைத் திரும்பப் பெற்றுத் தருபவரின் வேலையில் பெரும்பங்கு அந்தப் பிள்ளை கதவைத் தட்டும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒப்புதல். சிறப்புக் கல்வித் திட்டத்தில், அதாவது ஐஇபியில் இருக்கும் பிள்ளைக்கு குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு காப்பீடான மெடிக்கெய்டில் பணம் கேட்கும் முன் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் ஒருமுறை வேண்டும். அதன்பின் வருடா வருடம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். பெற்றோர் மறுத்தாலும் சேவையை நிறுத்தக்கூடாது. இதைப் படிவத்தின் முதல் வரியிலேயே, வீட்டில் பேசும் மொழியில் எழுதிக் கொடுத்தால் பயம் குறைந்து கையெழுத்து வரும்.

1988-ல் வந்த சட்டம் ஐஇபி பிள்ளைகளுக்கான சேவைக்கு மெடிக்கெய்டு பணம் தர வழி செய்தது. 2014 டிசம்பரில் அமெரிக்க மத்திய அரசு தன் பழைய நிலையை மாற்றிக்கொண்டதால், எல்லோருக்கும் இலவசமாகத் தரும் சேவைக்கும் மெடிக்கெய்டு பிள்ளைகளுக்காகக் கேட்கலாம் என்றானது. ஆனால் உங்கள் மாநிலம் அதைத் தன் திட்டத்தில் சேர்த்திருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு கிளெய்மும் அனுப்பாதீர்கள். 2023 மே மாதம் வந்த மத்திய வழிகாட்டியை முழுசாகப் படித்துவிடுங்கள், பாதி சந்தேகம் அதிலேயே தீரும்.

மெடிக்கெய்டு தகுதிப் பட்டியலைப் பள்ளியின் மாணவர் பட்டியலோடு மாதத்துக்கு ஒருமுறையாவது ஒப்பிடுங்கள். இங்கே பெயர்தான் பெரிய தலைவலி. ஸ்பானிஷ் குடும்பங்களில் இரண்டு குடும்பப் பெயர். நம் பிள்ளைகளுக்கோ அப்பா பெயர் ஒரு பதிவில் கடைசியில், இன்னொன்றில் முதலில். பெயர் பொருந்தாததால் தகுதியுள்ள பிள்ளை ‘காப்பீடு இல்லை’ என்று வந்துவிடும். பிறந்த தேதியை வைத்து இரண்டாவது முறை தேடினால் பல பேர் கிடைப்பார்கள்.

அடுத்து நிமிடக் கணக்கு. பணம் அதிகம் கரைவது இங்கேதான். உளச்சிகிச்சைக்கு கிளெய்மில் போடும் கோடு நிமிடத்தைப் பொறுத்தது: 90832 என்றால் 16 முதல் 37 நிமிடம், 90834 என்றால் 38 முதல் 52, 90837 என்றால் 53 நிமிடமோ அதற்கு மேலோ. பீரியட் 45 நிமிடம் என்று வையுங்கள். பிள்ளை 5 நிமிடம் தாமதமாக வந்து 4 நிமிடம் முன்னால் கிளம்பினால் மிச்சம் 36. அது 90832தான். கவுன்சிலர் எழுதும் நோட்டில் ‘மூன்றாவது பீரியட்’ என்று மட்டும் இருந்தால் அதுவும் நிற்காது. தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டும் வேண்டும். 16-க்குக் குறைந்தால் இந்தக் கோடுகளே கிடையாது. 36-ஐ 38 ஆக்கச் சொல்லி கவுன்சிலரை நெருக்குவது மோசடி, அதற்கு வேறு பெயர் இல்லை.

நோட்டில் கவுன்சிலர் என்ன செய்தார், எந்த இலக்குக்காக, பிள்ளை எப்படி எதிர்கொண்டது, கவுன்சிலரின் கையெழுத்து, அவருடைய தொழில் தகுதி, இவ்வளவு போதும். வீட்டுச் சண்டையின் விவரம் கிளெய்முக்குத் தேவையே இல்லை. போன வார நோட்டை அப்படியே ஒட்டினால் ஆடிட்டர் கண்ணில் உடனே படும். அனுப்பும் முன் வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள்: பிள்ளை லீவு போட்ட நாளுக்கும் பள்ளி விடுமுறைக்கும் கிளெய்ம் போயிருப்பதைப் போல வெட்கக்கேடு வேறில்லை. 2009-ல் நியூயார்க் மாநிலமும் நகரமும் பள்ளி மெடிக்கெய்டு கிளெய்ம்கள் தொடர்பான வழக்கில் 54 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன.

பல மாநிலங்களில் கிளெய்முக்குக் கிடைப்பது இடைக்காலப் பணம்தான். வருட முடிவில் உண்மைச் செலவைக் கணக்கிட்டு நேர் செய்வார்கள். அந்தக் கணக்கில் ரேண்டம் மொமென்ட் டைம் ஸ்டடி என்ற சர்வே பெரிய பங்கு வகிக்கிறது: குறிப்பிட்ட ஒரு நிமிடத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஊழியருக்குக் கேள்வி வரும். ‘மீட்டிங்’ என்று மட்டும் பதில் எழுதினால் அது எதற்கான மீட்டிங் என்று தெரியாமல் கணக்கில் வீணாகும். பதில் வீதம் 85 சதவீதத்துக்குக் கீழே போனாலும் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்கு நஷ்டம். மத்திய அரசு மானியத்தில் சம்பளம் வாங்குபவரின் செலவை இதில் சேர்த்துவிட்டால் பிறகு திருப்பிக் கட்ட வேண்டிவரும். இடைக்காலப் பணத்தை மொத்தமாகச் செலவழிக்காதீர்கள் என்று நிதி அலுவலரிடம் எழுத்தில் சொல்லிவையுங்கள்.

கலிஃபோர்னியாவில் 2024 முதல் தனியார் காப்பீடும் பள்ளி மனநல சேவைக்கு ஒரே கட்டணப் பட்டியல்படி பணம் தர வேண்டும். நல்ல ஏற்பாடு, மற்ற மாநிலங்களும் செய்ய வேண்டும். ஆனால் தனியார் காப்பீடு என்றாலே எந்தச் சேவைக்குப் பணம் கேட்கப்பட்டது என்று சொல்லி வீட்டுக்கு ஒரு விவரக் கடிதம் போகக்கூடும் என்பதை யோசியுங்கள். சட்டம் அனுமதித்தபடி தன் சொந்த ஒப்புதலில் ரகசியமாக வந்த பதின்வயதுப் பிள்ளை என்றால், கிளெய்மை நிறுத்திவைக்க கவுன்சிலர் ஒரு டிக் அடிக்கும் கட்டம் உங்கள் மென்பொருளில் இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த பேட்ச் போகும் முன் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.