நூலகத்துக்குள் குடை

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குக் குடையோடுதான் போகிறேன். வழியில் மழை என்பதற்காக அல்ல, உள்ளே மழை என்பதற்காக. நாளிதழ் மேசைக்கு நேர் மேலே காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி பல்லிளிக்கிறது. அதன் கீழே ஒரு நீல வாளி. அது நிரம்பினால், பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொட்ட வேண்டும், எழுதப்படாத விதி. வரலாற்று அலமாரிக்கு உரச் சாக்கைப் பிரித்துப் போர்த்தியிருக்கிறார்கள். நேற்று அதிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினேன். 40 பக்கம் ஒரே அப்பளமாக ஒட்டிக்கொண்டு வந்தது. மீதியைக் கரையான் படித்து முடித்திருந்தது.

கேட்டால், 'மதிப்பீடு அனுப்பியிருக்கிறோம்' என்கிறார் நூலகர். பாவம், அந்த வாளியே அவர் வீட்டு வாளி.

1948-இலேயே பொது நூலகங்களுக்கென்று சட்டம் போட்ட மாநிலம் இது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி என்று நம்மிடம் தவறாமல் வாங்கிவிடுகிறார்கள். வசூலிப்பது உள்ளாட்சி, செலவழிப்பது மாவட்ட நூலக ஆணைக்குழு. நடுவில் எந்த மதகு அடைத்துக்கொள்கிறதோ, மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வருகிற லட்சணத்தில்தான் அந்தப் பணமும் எங்கள் கூரைக்கு வருகிறது.

இந்திய நூலகவியலின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் பிறந்தது இதே டெல்டாவில், சீர்காழியில், 1892-இல். அவர் படத்தையும் மாட்டித்தான் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கி, தலைப்பாகை பூசணம் பிடித்துப் பச்சையாகிவிட்டது.